பிண்ணாக்கு பாஸ், பால் ஃபெயில்

கே: நாலு கறவை மாடுதான் பிழைப்பு. புதுக் கடலைப் பிண்ணாக்கு போட்டதிலிருந்து, பாலில் அஃப்ளாடாக்சின் (பூஞ்சை நஞ்சு) என்று டெய்ரியில் திருப்பிவிடுகிறார்கள். கடைக்காரர் லேப் ரிப்போர்ட்டைக் காட்டி 'பாஸ்' என்கிறார். காய்ச்சினால் போகுமா?

ப: போகாது. பிண்ணாக்கில் இருப்பது அஃப்ளாடாக்சின் பி1; அதை மாட்டின் கல்லீரல் எம்1 என்ற நஞ்சாக மாற்றும். தின்றதில் 1 முதல் 3 சதவீதம் பாலில் இறங்கும். நிறையக் கறக்கும் மாட்டில் 6 வரை போகும். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் நஞ்சுள்ள பிண்ணாக்கு 2 கிலோ தின்றால் 400 மைக்ரோகிராம். அதில் 2 சதவீதம் 8. பத்து லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 0.8. பாலில் எம்1-க்கு நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்.

இனி அந்த ரிப்போர்ட். இந்தப் பேச்சை எடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பூஞ்சை சரக்கு முழுக்கச் சீராகப் பரவாது. ஈரம் பட்ட மூலையில் ஒரு கைப்பிடி நஞ்சாக இருக்கும், பக்கத்துக் கைப்பிடி சுத்தமாக இருக்கும். மேல்மூட்டையில் கால் கிலோ அள்ளிக் கொடுத்தால், எந்த உசத்தி மிஷினும் அந்தக் கால் கிலோவுக்குத்தான் பதில் சொல்லும். 'வாடிக்கையாளர் கொடுத்த மாதிரி' என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கும், பாருங்கள். எல்லா மூட்டையிலும் மேல், நடு, அடி என்று குத்தூசியால் எடுத்து, மொத்தத்தையும் மாவாக அரைத்துக் கலந்த பிறகே அதிலிருந்து அரைக் கிலோ பிரிக்க வேண்டும். அரைக்காமல் பிரித்தால் மறுபடி குருட்டு அதிர்ஷ்டம்.

உங்கள் மேல் தப்பில்லை. பிண்ணாக்கை இன்றே நிறுத்துங்கள். நாலைந்து நாளில் பால் தெளியும், பிறகு சோதியுங்கள். மீதி மூட்டை, பில், டெய்ரி சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். சுயதொழில் பிழைப்புக்கு வாங்குபவரும் சட்டப்படி நுகர்வோரே. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

கே: பூசணம் பிடித்த கடலையைக் கழுவி வறுத்தால்?

ப: கொட்டுங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள்.

கே: இந்த நஞ்சைக் கண்டுபிடிக்க ஆன்லைனில் யூவி (புற ஊதா) டார்ச் வாங்கினேன். கடலையில் எதுவும் ஒளிரவில்லை. நல்ல கடலைதானே?

ப: யார் சொன்னது? மக்காச்சோளத்திலும் பருத்திக்கொட்டையிலும் தெரியும் பச்சை மஞ்சள் மினுக்கம், பூஞ்சை சுரக்கும் கோஜிக் அமிலத்தால் வருவது. சந்தேகம் எழுப்ப உதவும், நஞ்சை அளக்காது. கடலைக்கு அதுவும் கிடையாது. என் அலமாரியிலும் ஒன்று கிடக்கிறது. ரூபாய் நோட்டு பார்க்க ஆகும்.

கே: மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் இல்லை என்று எலைசா சோதனை சொல்கிறது. ஆனால் பெண் பன்றிக்குட்டிகளுக்குப் பிறப்புறுப்பு வீங்குகிறது.

ப: நீங்கள் தேடியது ஒரு நஞ்சு, வந்திருப்பது வேறாக இருக்கலாம். இந்த வீக்கம் சீரலெனோனின் அடையாளம். ஃபியூசேரியம் பூஞ்சையின் வேலை. அதைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். அதிலும் ஒரு சூது உண்டு. செடி தன்னைக் காத்துக்கொள்ள நஞ்சின்மேல் சர்க்கரையை ஒட்டிவிடும். வழக்கமான சோதனையில் அது தப்பலாம், பன்றியின் குடலில் சர்க்கரை கழன்று பழைய நஞ்சே வெளிவரும். எல்சி-எம்எஸ் (சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்து அடையாளம் காணும் கருவி) வசதியுள்ள லேபில், மறைந்த வடிவங்களையும் பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கடையில் பெண்டோனைட் பைண்டரை (தீவனத்தில் கலந்து நஞ்சைப் பிடித்துவைக்கும் களிமண் பொடி) தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது அஃப்ளாடாக்சினைப் பிடிக்கும், சீரலெனோனைப் பெரும்பாலும் கோட்டைவிடும்.