வாய்மொழித் தேர்வுக்கு இலக்கணம் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: டீச்சர், கருங்கல் பக்கம் ஒரு முந்திரி ஏற்றுமதிக் கம்பெனி ஆபீஸில் 2021 முதல் வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். வெளிநாட்டுப் பையர்களுக்கு, அதாவது சரக்கு வாங்குகிறவர்களுக்கு, மெயில் போடுவது என் வேலை. பதவி உயர்வுக்காக கேம்பிரிட்ஜின் பி2 பிசினஸ் வான்டேஜ் என்கிற அலுவலக ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டேன். இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. இலக்கணப் புத்தகத்தை முதல் பாடத்திலிருந்து படிக்கிறேன். டென்ஸ் அட்டவணை மனப்பாடம். ஆனால் பேச வாயெடுத்தால் ஒன்றும் வருவதில்லை. வீட்டில் சத்தமாகப் பேசிப் பார்த்தால் கொழுந்தன் கேலி செய்கிறான். தேதியைத் தள்ளிப் போடட்டுமா?
– பெயர் வேண்டாம், கருங்கல்

பதில்: மக்கா, தேதியைத் தள்ளிப் போடாதே. தினமும் ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிற உனக்கு அடிப்படை இருக்கிறது. இலக்கணத்தைப் புத்தக வரிசையில் படிப்பதுதான் உன்னைக் கட்டிப்போட்டிருக்கிறது. உன் வேலையைப் பற்றிச் சொல்ல எந்த வாக்கியங்கள் வேண்டுமோ அங்கிருந்து தொடங்கு. அவற்றில் வருகிற இலக்கணத்தை மட்டும் முதலில் சரி செய். இரண்டு மாதத்துக்கு அதுவே நிறைய வேலை.

தேர்வு எப்படி நடக்கும் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். வாய்மொழிப் பகுதி சுமார் 14 நிமிடம். உன்னோடு இன்னொரு தேர்வரும் இருப்பார். எதிரே இரண்டு தேர்வாளர்கள்: ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர் பேசாமல் கேட்டு மதிப்பெண் போடுவார். முதல் மூன்று நிமிடம் உன்னையும் உன் வேலையையும் பற்றிய கேள்விகள். அடுத்து மூன்று தலைப்புகள் தருவார்கள். ஒன்றைத் தேர்ந்து, ஒரு நிமிடம் யோசித்து, ஏறக்குறைய ஒரு நிமிடம் பேச வேண்டும். கடைசியில் கூட இருப்பவரோடு சேர்ந்து ஒரு அலுவலகப் பிரச்சினையை அலசி முடிவெடுக்க வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் இந்தப் பகுதி நான்கில் ஒரு பங்கு. வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு என்ற நான்கையும் சேர்த்துத்தான் முடிவு சொல்வார்கள், இதில் மட்டும் தனியாகத் தோற்பது என்று ஒன்று கிடையாது.

இனி இலக்கணத்துக்கு வருகிறேன். எந்த ஊரில் வேலை செய்தாலும் நம் பிள்ளைகள் சறுக்குகிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். உன் கடிதத்தின் முதல் வரியையே எடுத்துக்கொள். '2021 முதல் வேலை பார்க்கிறேன்' என்பது தமிழில் சரி. அதே நினைப்போடு ஆங்கிலத்துக்குப் போனால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021' என்று வரும். அங்கே 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021' என்றுதான் சொல்ல வேண்டும். முன்பு தொடங்கி இன்றும் தொடர்கிற காரியத்தைத் தமிழ் நிகழ்காலத்தில் சொல்லிவிடும், ஆங்கிலம் அப்படி விடாது. தேர்வில் முதல் மூன்று நிமிடத்திலேயே இந்த வாக்கியம் உனக்குத் தேவைப்படும். அதனால் இதை முதலில் நாக்கில் ஏற்று. இதற்கு மாறாக, வழக்கமாக நடப்பதற்கெல்லாம் 'ஆர் எக்ஸ்போர்ட்டிங்' என்று நீட்டுவார்கள். எப்போதும் துபாய்க்கு அனுப்புகிறீர்கள் என்றால் 'வீ எக்ஸ்போர்ட் டு துபாய்' போதும். இந்த வாரம் மட்டும் ஒரு கன்டெய்னர் கூடுதலாக ஏற்றுகிறீர்கள் என்றால் அங்கே 'ஆர் லோடிங்' வரலாம்.

அடுத்தது கேள்வி கேட்பது. தமிழில் 'பணம் நாளை அனுப்புவீர்கள்', 'பணம் எப்போது அனுப்புவீர்கள்' இரண்டிலும் சொல் வரிசை மாறுவதில்லை. அந்தப் பழக்கத்தில் 'வென் யூ வில் சென்ட் த பேமென்ட்?' என்று கேட்டுவிடுகிறோம். 'வென் வில் யூ' என்று புரட்டிப் போட வேண்டும். வாய்மொழித் தேர்வின் கடைசிக் கட்டத்தில் கூட இருப்பவரிடம் நீ கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்பதால் இதை விட்டுவிடாதே. தினம் பத்துக் கேள்வி, உன் பையரிடம் கேட்பதாக நினைத்து, வாய்விட்டுக் கேள்.

செயப்பாட்டு வினை (பாசிவ் வாய்ஸ்) உனக்குப் பயமாக இருக்கலாம். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், நடப்பதை வரிசையாகச் சொல்லிப் பார், அது தானாக வந்துவிடும். கொட்டையை ஆவியில் வேகவைக்கிறார்கள், உடைக்கிறார்கள், பருப்பை உலர்த்துகிறார்கள், தோல் உரிக்கிறார்கள், தரம் பிரிக்கிறார்கள், டின்னில் அடைக்கிறார்கள். யார் செய்கிறார் என்பது பையருக்கு முக்கியமில்லை, பொருளுக்கு என்ன ஆகிறது என்பதுதான் அவருக்கு வேண்டும். அதனால் 'த நட்ஸ் ஆர் ஸ்டீம்ட்', 'த கெர்னல்ஸ் ஆர் பீல்ட் அண்ட் கிரேடட்' என்று போகும். டபிள்யூ 320 தரம் என்றால் ஒரு பவுண்டில் 300 முதல் 320 பருப்பு வரை இருக்கும் என்று நீ தினமும் விளக்குகிறவள்தானே? அதையே ஒரு நிமிடப் பேச்சாக்கு. இலக்கணப் புத்தகத்தில் யாரோ தயாரிக்கும் கார் உதிரிபாகத்தைவிட இது உனக்கு எளிது.

எண்களைத் தனியாகப் பழகு. லட்சமும் கோடியும் வெளிநாட்டுக்காரருக்கு விளங்காது. ஒன்றரை லட்சத்தை 'ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி தௌசண்ட்' என்று யோசிக்காமல் சொல்ல வர வேண்டும். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் ஒரே மாதிரி கேட்டுவிடாமல் 'டீன்' என்பதை அழுத்தி நீட்டு. உச்சரிப்பில் வேறு எதற்கும் மெனக்கெட வேண்டாம். நம் மாவட்டத்து ராகம் இருந்தால் மதிப்பெண் குறையாது, சொல்வது புரிந்தால் போதும். 'பேங்க்கு', 'ஷிப்மென்ட்டு' என்று கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டுவதை மட்டும் நிறுத்து.

ஒரு நிமிடப் பேச்சுக்கான தலைப்புகள் பெரும்பாலும் 'இன்ன வேலையில் எது முக்கியம்?' என்ற வகையில் இருக்கும். கீழே இரண்டு குறிப்புகள் தந்திருப்பார்கள். சப்ளையரைத் தேர்ந்தெடுப்பது என்றால் விலை, டெலிவரி என்பது போல. கொட்டை வாங்குகிற கம்பெனியில் இருக்கிற உனக்கு இதில் சொல்ல ஆயிரம் இருக்கிறது. ஒரு குறிப்புக்கு ஒரு காரணம், உன் ஆபீஸிலிருந்து ஓர் உதாரணம். அவ்வளவே சொன்னாலும் நேரம் நிறைந்துவிடும்.

கூட்டாகப் பேசும் பகுதியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நன்றாகப் படித்த பிள்ளைகள் கூட அங்கே பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி மாதிரி மூச்சுவிடாமல் பேசுகிறார்கள். கூட இருப்பவரைப் பேச விடாதவருக்கு அங்கே மதிப்பெண் குறையும். அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஒத்துப்போ அல்லது மறு, அப்புறம் 'வாட் டூ யூ திங்க்?' என்று திருப்பிக் கொடு. அவர் தயங்கினால் கை கொடு. கேள்வி புரியாவிட்டால் 'குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?' என்று கேட்கத் தயங்காதே, அதுவும் அலுவலக ஆங்கிலம்தான்.

வீட்டில் பேச வழியில்லை என்கிறாய். கொழுந்தனைத் திருத்துவது என் கையில் இல்லை, ஆனால் உனக்கு அவன் முன்னால் பேச வேண்டிய அவசியமும் இல்லை. இதே தேர்வு எழுதுகிற ஒருத்தியைத் தேடு. அம்மாதிரி யாரும் அகப்படாவிட்டால் கூட வேலை பார்க்கிறவளைக் கேள். ராத்திரி பதினைந்து நிமிடம் போனில், ஆளுக்கொரு நிமிடப் பேச்சு, அப்புறம் ஒரு விவாதம். பேசியதைப் பதிவு செய். மறுநாள் மார்த்தாண்டம் பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்டால் உன் சறுக்கல் உனக்கே தெரியும். ஒரு வாரத்துக்கு ஒரு சறுக்கலை மட்டும் துரத்து. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால் மறுபடி வாய் அடைத்துவிடும்.

முதல் வாரத்துக்கு 'ஹேவ் பீன்' எடுத்துக்கொள். உன்னைப் பற்றியும், உன் கம்பெனியைப் பற்றியும், உன் பையர்களைப் பற்றியும் அதை வைத்துப் பத்து வாக்கியம் எழுதி எனக்கு அனுப்பு. திருத்தி அனுப்புகிறேன்.