சாரத்திலிருந்து விழுந்த ஒரு தகப்பனுக்கு

அன்புள்ள ஐயா,

போன வாரம் சேலம் அம்மாபேட்டையிலிருந்து மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க வந்தீர்கள். சாரம் சரிந்ததில் கோணிப்போன இடது மணிக்கட்டை மேசைமேல் வைத்து, "கொத்து வேலையில் நான் பட்டது போதாதா, இவனும் அங்கேயே போக வேண்டுமா?" என்று கேட்டீர்கள். சிவில் டிப்ளமோ முடிக்கப்போகும் அவனோ கட்டுமான இடத்தில் விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு அதிகாரி ஆகவேண்டும் என்கிறான்.

அவனைத் தடுக்காதீர்கள். முன்பு 500 தொழிலாளர்கள் இருந்தால்தான் கட்டுமான இடத்தில் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம். தொழிலாளர் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அதை 250 ஆகக் குறைத்திருக்கிறது. ஆகவே ஆட்கள் கூடுதலாகத் தேவைப்படுவார்கள்.

ஆனால் "ஆறு மாதப் பயிற்சி, உடனே வளைகுடாவில் வேலை" என்று அவன் காட்டிய நோட்டீஸை நம்பிக் கடன் வாங்காதீர்கள், ஐயா. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998-ஆம் ஆண்டு மத்திய விதிகளில் தகுதி தெளிவாக எழுதியிருக்கிறது. டிப்ளமோ படித்தவருக்குக் கட்டுமான மேற்பார்வையில் 5 ஆண்டு அனுபவம் வேண்டும். பொறியியல் பட்டதாரிக்கு 2 ஆண்டு போதும். அதற்குமேல் தொழிலகப் பாதுகாப்பில் தனியாக ஒரு டிப்ளமோ. சென்னை மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் அதைப் படிக்கலாம். வேலையிடத்தில் பெரும்பாலானோர் பேசும் மொழியும் தெரிந்திருக்க வேண்டும். சேலத்தில் இன்று கம்பி கட்டுகிறவர்களில் பலர் பீகார், ஒடிசாக்காரர்கள். அவன் இப்போதே இந்தி கற்கட்டும்.

முதலில் சைட் மேற்பார்வையாளராகச் சேரட்டும். ஏற்காடு மலைப்பாதையில் மண் சரியாமல் தாங்கும் தடுப்புச்சுவர் வேலை கிடைத்தால் விடவே வேண்டாம். ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை டன் இருக்கும். மார்பளவு புதைந்தவர் தலை வெளியே இருந்தும் மூச்சை இழுக்க முடியாமல் இறந்துபோகலாம். மழை ஓய்ந்த மறுநாள், வெட்டிய சரிவின் உச்சியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் தெரிந்தால் குழிக்குள் யாரையும் இறக்கக்கூடாது என்பதை அங்கேதான் கற்பான்.

உங்களிடமும் அவன் கற்க நிறைய இருக்கிறது. தளத்தில் லிப்ட் குழியை ஆணி அடிக்காத பிளைவுட் பலகையால் மூடியிருப்பார்கள். பலகை தேவைப்பட்ட ஒருவர் குனிந்து அதைத் தூக்குவார்; அது பார்வையை மறைக்கும்; ஓரடி எடுத்து வைப்பார். பலகையை ஆணி அடித்து, "கீழே குழி" என்று எழுதியிருந்தால் அந்த உயிர் போகாது. உயரத்தில் வேலை செய்யும்போது போடும் பாதுகாப்பு பெல்ட்டும் அப்படித்தான்: எல்லோரும் போட்டிருப்பார்கள், கொக்கி மட்டும் எதிலும் மாட்டாமல் தொங்கும். ஒரே கொக்கி என்றால் நகரும்போது கழற்றித்தானே ஆகவேண்டும்? இரண்டு இருந்தால் ஒன்று எப்போதும் மாட்டியே இருக்கும்.

என் கவலை அவன் மதிப்பெண் பற்றியது அல்ல. கான்கிரீட் போடும் நாள். லாரிகள் வரிசையில் நிற்கின்றன, ஒப்பந்ததாரர் கத்துகிறார், ஈரக் கான்கிரீட்டைத் தாங்கவேண்டிய சென்ட்ரிங் முட்டு ஒன்று சாய்ந்திருக்கிறது. இருபத்தைந்து வயதில் அவனால் "நிறுத்துங்கள்" என்று சொல்ல முடியுமா? நீங்கள் வந்த அன்று அவன் முன்னால் இதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் கேளுங்கள், ஐயா. பதிலோடு இருவரும் வாருங்கள்.