பயனீட்டாளர் கேள்வி-பதில்: கெராச்சுட் கடற்கரைக்குக் குடும்பத்தோடு நடக்க என்ன வாங்கலாம்?

கேள்வி: நாங்கள் செந்தூலில் இருக்கிறோம். கணவர், நான், 13 வயது மகள், 9 வயது மகன். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் பினாங்குத் தேசியப் பூங்காவில் முதுகுப்பை சுமந்து நடந்து, கெராச்சுட் கடற்கரையில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்க ஆசை. கடையில் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். நால்வர் கூடாரம், நான்கு ஸ்லீப்பிங் பேக், தண்ணீர் புகாத பூட்ஸ் நான்கு ஜோடி, மடிக்கும் கேஸ் அடுப்பு, நான்கு பெரிய முதுகுப்பை என்று மொத்தம் 3,800 வெள்ளி. இவ்வளவும் வேண்டுமா? *(வாசகி, செந்தூல்)*

பதில்: பாதிகூட வேண்டாம், சகோதரி. உங்களுக்குக் கிடைத்தது குளிர் மலைக்குப் போகிறவர்களுக்கான பட்டியல். நீங்கள் போவதோ வியர்வையும் உப்புக்காற்றும் உள்ள கடற்கரைக்கு. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பொருள்களில் பெரும்பாலானவை குளிர் நாடுகளை மனத்தில் வைத்துச் செய்யப்படுகின்றன, நம் ஊர்க் கடையிலும் அதே வரிசையில் அடுக்கி விற்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் ஸ்லீப்பிங் பேக்கை அடித்துவிடுங்கள். பினாங்குக் கடற்கரையில் நள்ளிரவிலும் சுமார் 24 டிகிரி இருக்கும். 10 டிகிரி குளிருக்கான பைக்குள் புகுந்தால் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் உதறிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு கைலி போதும். மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம். மழைக்குப் பிறகு மணல் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் மடிக்கக்கூடிய ஃபோம் பாய் நான்கு வாங்குங்கள்.

அடுத்து பூட்ஸ். தண்ணீர் புகாத பூட்ஸுக்குள் கணுக்கால் வழியாகத் தண்ணீர் இறங்கினால் அது வெளியேறவும் வழியில்லை. நம் ஊர் மழையில் அது இறங்கத்தான் செய்யும். வளர்கிற பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டு அந்த பூட்ஸ் பொருந்தவும் போவதில்லை. வீட்டில் உள்ள விளையாட்டுக் காலணியின் அடிப்பகுதி தேயாமல் இருந்தால் அதுவே போதும். தேய்ந்திருந்தால் 'அடிடாஸ் கம்போங்' என்று நாம் கூப்பிடுகிற அந்தக் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்தை வாங்குங்கள். தோட்டத்து வேலைக்குப் போட்டுப் பழகிய பெரியவர்களுக்கு அதன் அருமை தெரியும், இப்போது மலை ஓட்டக்காரர்களும் அதைத்தான் போடுகிறார்கள். சேற்றில் நன்றாகப் பிடிக்கும், கழுவிக் கவிழ்த்தால் காய்ந்துவிடும். மெத்தென்று இருக்காது. உள்ளே ஒரு தடித்த உள்ளடி (இன்சோல்) போட்டு, நடக்கப்போகிற அதே காலுறையோடு அளவு பாருங்கள். ஈரமான வழுவழுப் பாறையில் மட்டும் எந்தச் சப்பாத்தையும் நம்பாதீர்கள்.

மிச்சப்பட்ட பணத்தைக் கூடாரத்திலும் முதுகுப்பையிலும் போடலாம். 'நால்வர் கூடாரம்' என்றால் நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கும் அளவு. பைகளை வைக்க அதில் இடம் இருக்காது. இந்த வெக்கையில் நால்வரும் ஒட்டிக்கொண்டு தூங்கவும் முடியாது. ஆறு பேர் கூடாரம் ஒன்றை வாங்கினால் அதைச் சுமப்பது பாடு. இருவர் அல்லது மூவர் கூடாரமாக இரண்டு வாங்குங்கள், சுமையையும் பெரியவர்கள் இருவரும் பிரித்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். மேல்துணி எத்தனை மில்லிமீட்டர் நீர் அழுத்தம் தாங்கும் என்று எழுதியிருக்கும். 2,000 முதல் 3,000 வரை இருந்தால் நம் மழைக்குப் போதும், 5,000 என்ற எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. எண்ணைவிடத் தையல்தான் முக்கியம். உள்பக்கம் தையல் ஓரமெல்லாம் நாடா ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூன்றாவது, வலை. கொசு நுழையாத வலை எல்லாவற்றிலும் இருக்கும், ஆனால் கடற்கரையில் கடிப்பது கொசு மட்டுமல்ல, அகாஸும்தான். அந்தப் பொடிப்பூச்சி சாதாரணக் கொசுவலையில் புகுந்து வந்துவிடும். மிக நெருக்கமான வலை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சாயங்காலம் ஒரு தடவை அகாஸ் கடித்தால் ஒரு வாரத்துக்குச் சொறிய வேண்டியதுதான். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி ஆணிகள் மணலில் நிற்காது. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், துணிப்பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி ஓர் அடி ஆழத்தில் புதைத்தால் அசையாது.

முதுகுப்பையில் இடுப்புவார் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சுமை தோளில் இல்லாமல் இடுப்பில் உட்கார வேண்டும். கடையிலேயே ஏழெட்டுக் கிலோ எடையை உள்ளே போடச் சொல்லி, மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடந்து பாருங்கள். அதற்கு முகம் சுளிக்கும் கடையில் வாங்க வேண்டாம். பெரிய பை நான்கு தேவையில்லை, பெற்றோருக்கு இரண்டு போதும். பிள்ளைகள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகம் சுமக்கக்கூடாது. உங்கள் மகன் 30 கிலோ என்றால் 3 கிலோ, அதாவது தன் தண்ணீரும் ஒரு மாற்றுடையும். அதற்குப் பள்ளிப்பையே போதும். மழை உறைக்குத் தனியாகச் செலவழிக்காமல், பைக்குள் பெரிய கறுப்புக் குப்பைப் பை ஒன்றை விரித்து அதற்குள் துணிகளை வையுங்கள். உணவு மட்டும் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் இருக்கட்டும். அங்குள்ள குரங்குகளுக்கு பிளாஸ்டிக் பையின் சரசரப்பு கேட்டாலே போதும்.

அடுப்பும் அப்படித்தான். விலை கூடிய கலப்பு கேஸ் டப்பா குளிர் மலைக்கானது. சாதாரண பியூட்டேன் உறைநிலைக்கு அருகில்தான் ஆவியாகாமல் முரண்டு பிடிக்கும், இங்கே அந்தக் கவலை இல்லை. வீட்டு ஸ்டீம்போட் அடுப்புக்குப் போடும் நீள டப்பாவே போதும், அதில் பொருந்துகிற சிறு அடுப்பாகப் பார்த்து வாங்குங்கள். மலிவு என்று மறுபடி நிரப்பிய டப்பாவை மட்டும் தொடாதீர்கள். விமானத்தில் வருவதானால் கேஸ் டப்பாவைக் கைப்பையிலும் பெட்டியிலும் கொண்டுவர முடியாது, பினாங்கில் இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தெலுக் பஹாங் நுழைவாயிலில் உள்ள பூங்கா அலுவலகத்தில், அந்த நாள்களில் பாதை திறந்திருக்குமா, முகாமிட அனுமதி கிடைக்குமா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். பெருமழைக்குப் பின் பாதையை மூடிவிடுவது உண்டு. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம், டிசம்பர் தொடக்கத்திலும் வானம் முழுதாகத் தெளிந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஜனவரி, பிப்ரவரிதான் காய்ந்த மாதங்கள். நுழைவாயிலிலிருந்து கெராச்சுட் வரை பாதை மூன்றரைக் கிலோமீட்டருக்குள்தான். ஆனால் குன்று ஏறி இறங்க வேண்டும். வெறுங்கையோடு ஒன்றரை மணி நேரம், சுமையும் பிள்ளைகளும் சேர்ந்தால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே கிளம்புங்கள். அப்புறம், நீச்சலுடை வாங்குவதாக இருந்தால் அதுவும் வேண்டாம். அங்கே ஜெல்லிமீன் தொல்லை உண்டு, கடலில் இறங்க வேண்டாம் என்றே எச்சரிக்கிறார்கள். உப்புநீரின் மேல் நன்னீர் கலக்காமல் நிற்கும் ஏரியும், ஆமைக்குஞ்சு பொரிப்பகமும் பிள்ளைகளுக்குப் போதும்.

கேள்வி: கெராச்சுட்டுக்கு நடந்து போய், திரும்பப் படகில் வரலாம் என்று ஒரு படகுக்காரருக்குக் கைப்பேசி வழியாக 150 வெள்ளி முன்பணம் அனுப்பினோம். அன்று அலை அதிகம் என்று அவர் வரவில்லை. பிள்ளைகளோடு இருட்டும் நேரத்தில் நடந்தே திரும்பினோம். பணத்தைக் கேட்டால் "வானிலைக்கு நானா பொறுப்பு?" என்கிறார். *(வாசகர், பட்டர்வொர்த்)*

பதில்: அலைக்கு அவர் பொறுப்பில்லை, சரி. அந்த அலையில் வராததும் நல்லதுதான். கட்டாயப்படுத்தினால் வந்துவிடுகிற படகுக்காரரைவிட இவர் மேல். ஆனால் 150 வெள்ளி வேறு கணக்கு. 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, செய்யவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாததாகிறது. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் கைக்கு வந்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது 66ஆம் பிரிவு. 'வானிலை கெட்டால் பணம் திரும்பாது' என்று முன்கூட்டியே சொல்லி நீங்களும் ஒப்புக்கொண்டிருந்தால் வழக்கு சிக்கலாகும். அப்படி எதுவும் பேசவில்லை என்றால் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு.

வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய சீட்டு இரண்டையும் எடுத்து வையுங்கள். 14 நாள் தவணை கொடுத்து எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையா, பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம், அதாவது திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கையை மூன்று ஆண்டுக்குள் கொண்டுபோகலாம். பொதுவாக வழக்கறிஞர் வர முடியாது, நீங்களே பேசலாம். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். கைப்பேசி எண் மட்டும் இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். அடுத்த முறை படகுத்துறைக்கு நேரில் போய்ப் பேசுங்கள், ரசீது வாங்குங்கள், பெரும்பகுதிப் பணத்தைக் கரை சேர்ந்த பிறகு கொடுங்கள்.

பிள்ளைகள் அளவில் உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். போட்டு வார் இறுக்கிய பின் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்குங்கள். சட்டை காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்கு உதவாது.

கேள்வி: ஐந்து மாதத்துக்கு முன் புதிதாக வாங்கிய மலையேற்றக் காலணி. இரண்டாவது முறை போட்டபோதே அடிப்பகுதி ரொட்டித் துண்டு மாதிரி உதிர்ந்துவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையைக் கடையில் காட்டுகிறார்கள். *(வாசகர், ஆயர் ஈத்தாம்)*

பதில்: அந்தப் பலகைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்று 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதத்தைக் கடைக்காரர் தன் விருப்பத்துக்கு ரத்து செய்ய முடியாது. நியாயமான காலம் உழைப்பதும் அந்தத் தரத்தில் அடங்கும்.

உதிர்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: பல காலணிகளின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருள். காற்றிலுள்ள ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும், போட்டாலும் சரி, பெட்டியிலேயே இருந்தாலும் சரி. அதன் வயது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, தயாரித்த நாளிலிருந்து தொடங்குகிறது. காலணியின் நாக்குப் பகுதியில் உள்ள சிறு சீட்டில் தயாரித்த மாதம் பல நேரம் அச்சாகியிருக்கும். அது ஐந்தாறு ஆண்டுப் பழசு என்றால், கிடங்கில் கிடந்த சரக்கைப் புதிது என்று விற்றிருக்கிறார்கள். சீட்டையும் ரசீதையும் படமெடுத்து மாற்றித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் மேலே சொன்ன அதே 5 வெள்ளி வழிதான். அடுத்த முறை நடு அடுக்கு ஈவிஏ (EVA) என்ற வேறு வகை நுரைப்பொருளாக உள்ளதை வாங்குங்கள், அது இப்படி உதிராது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய கூடாரம் காலையில் உள்ளே ஈரமாக இருக்கிறது. அது உங்கள் மூச்சுக்காற்றுதான் என்கிறார் விற்றவர். நழுவுகிறாரா? *(வாசகி, பாயான் லெப்பாஸ்)*

பதில்: உண்மையாகவும் இருக்கலாம். யாரும் உள்ளே இல்லாத ஒரு மதியத்தில் கூடாரத்தை விரித்து, தோட்டக் குழாயால் கால் மணி நேரம் தண்ணீர் அடியுங்கள். தையல் ஓரம் கசிந்தால் பொருளில் குறை. உள்ளே காய்ந்தே இருந்தால் அவர் சொன்னது சரி, இரவில் காற்றுவாயிலைத் திறந்து வையுங்கள். எதுவானாலும் இந்தச் சோதனையைத் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்து காணொளி எடுங்கள். அதுவரை 'பொருள் கிடைத்தது' பொத்தானை அழுத்த வேண்டாம்.