'புல் டர்ஹாம்': கேட்சர் எதிரணிக்கு ஏன் சொல்லிக்கொடுக்கிறார்?

1988-இல் வந்த அந்த பேஸ்பால் படத்தில், கேட்சர் (பந்தெறிபவர் வீசுவதைப் பிடிப்பவர்) கிராஷ், அடுத்து வரும் பந்து என்ன என்று எதிரணி மட்டையாளரிடம் சொல்லி, தன் அணிப் பந்தெறிபவன் நியூக்கையே காட்டிக்கொடுப்பது புரியவில்லை என்றீர்கள். அது துரோகம் இல்லை, பாடம்.

அடுத்து என்ன பந்து என்று கேட்சர் விரல்களால் சைகை காட்டுவார். ஒரு விரல் என்றால் பெரும்பாலும் வேகப்பந்து. நியூக் தலையாட்டி மறுத்து, தன் இஷ்டத்துக்கு வீசப் பார்க்கிறான். எவ்வளவு வேகமாக வந்தாலும், என்ன பந்து என்று முன்பே தெரிந்துவிட்டால் மட்டையாளர் நேரம் பார்த்து விளாசிவிடுவார். கிராஷ் சொல்லிக்கொடுத்ததும் மட்டையாளர் அடிக்கும் ஹோம் ரன் (பந்தை மைதானத்துக்கு வெளியே விளாசும் அடி) நிரூபிப்பது அதைத்தான். கிராஷைக் கீழ்மட்ட லீகுக்கு அனுப்பியதே நியூக்கை மேஜர் லீகுக்கு, அதாவது உச்சமட்ட லீகுக்கு, தயார்செய்யத்தான். ஒரு ஆட்டத்தின் ரன் கணக்கு அவருக்குப் பெரிதில்லை.

வெற்றித்தொடர் முறியக்கூடாதென்று நியூக் தன் காதலி ஆனியை விலக்கிவைக்கும் நகைச்சுவையும் அதே கிராஷின் பேச்சைக் கேட்டுத்தான்.