கிளாசிக் படங்கள் உருவான விதத்தைச் சொல்லும் புத்தகங்களில் எதை முதலில் படிக்கலாம்?

ஒரே ஒரு புத்தகம்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஸ்டீபன் ரெபெல்லோ எழுதிய ‘ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் அண்ட் த மேக்கிங் ஆஃப் சைக்கோ’ (1990) வாங்குங்கள். இரண்டு என்றால் ஹிட்ச்காக்கை பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ பேட்டி கண்ட புத்தகத்தையும் (1966) சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வகை நூல்களை ஒற்றையாகப் படித்தால் சுவாரசியமான துணுக்குகள் கிடைக்கும், அவ்வளவுதான். ஜோடியாகப் படித்தால்தான் யார் சொல்வது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று பிடிபடும்.

சைக்கோவையே எடுத்துக்கொள்வோம். 1960இல் வந்த படம். இயக்குநர் ஹிட்ச்காக் தன் தொலைக்காட்சித் தொடரில் வேலை பார்த்த குழுவை வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில், சுமார் 8 லட்சம் டாலரில் முடித்தார். குளியலறைக் கொலைக்கு மட்டும் ஏழு நாள். ரத்தத்துக்கு சாக்லேட் சிரப், கத்தி இறங்கும் சத்தத்துக்கு முலாம்பழம். அந்த இடத்தில் இசையே வேண்டாம் என்றிருந்தவர், இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களை வாசித்துக் காட்டியதும் மனம் மாறினார். இதுவரை சண்டை இல்லை. டைட்டில் வடிவமைப்பாளர் சால் பாஸ், அந்தக் கொலைக் காட்சியை இயக்கியதே நான்தான் என்று பிற்பாடு சொன்னதில்தான் சண்டை. ரெபெல்லோ செட்டில் இருந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டு அந்த உரிமைகோரலைச் சோதிக்கிறார். த்ரூஃபோ புத்தகத்தில் ஹிட்ச்காக்கின் கட்சி இருக்கிறது: பாஸ் வரைந்து கொடுத்தது துப்பறிபவர் மாடிப்படி ஏறும் காட்சிக்கு, காய்ச்சலாகப் படுத்திருந்த நாளில் அதன்படியே எடுக்கச் சொன்னேன், வந்து பார்த்தால் உதவவில்லை.

ஏன் உதவவில்லை என்று அவர் சொல்லும் காரணத்துக்காகவே அந்தப் பக்கத்தை மடித்து வைக்கலாம். கைப்பிடியில் நகரும் கை, படியில் வைக்கும் கால் என்று துண்டு துண்டாகக் காட்டினால், ஏறுகிற ஆள் ஏதோ கெட்ட காரியத்துக்குப் போகிறான் என்று தோன்றும். இங்கே ஏறுபவர் அப்பாவி, ஆபத்து மேலே காத்திருக்கிறது. ஆகவே துண்டுகளைத் தூக்கிப்போட்டுவிட்டு ஒரே ஷாட்டில் ஏற விட்டார். படத்தை அந்த இடத்தில் நிறுத்தி ஓட்டிப் பாருங்கள், புரிந்துவிடும்.

கடையில் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார் என்பது அங்கேதான் இருக்கும். தினசரிப் படப்பிடிப்பு அறிக்கை, திரைக்கதையின் வெவ்வேறு பிரதிகள், ஸ்டுடியோவுக்குள் போய்வந்த கடிதங்கள் இவையெல்லாம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வெறும் பேட்டிகள் என்றால் எத்தனை வருடம் கழித்து எடுத்தவை என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் பளபளத் தாளில் படங்கள் மட்டும் என்றால் அது பெரும்பாலும் அந்தக் காலத்து விளம்பரத் துறை எழுதிக் கொடுத்ததன் மறுபதிப்பாகத்தான் இருக்கும். ஹாலிவுட் படமான கேசபிளாங்காவில், பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகன் நாயகனாக இருந்திருக்க வேண்டியது என்ற கதை அப்படிப் பிறந்ததுதான். ஸ்டுடியோ பத்திரிகைகளுக்குக் கொடுத்த ஒரு துணுக்கு, ஐம்பது வருடம் உண்மையாகவே உலவியது. அல்ஜீன் ஹார்மெட்ஸ் 1992இல் வெளியிட்ட ‘ரவுண்ட் அப் த யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்’ அதைக் களைந்தது.

தாள்களைத் துருவி எழுதிய நூலுக்கு ராபர்ட் காரிங்கரின் ‘த மேக்கிங் ஆஃப் சிட்டிசன் கேன்’ (1985) நல்ல மாதிரி. இதற்கு முன் 1971இல் விமர்சகர் பாலின் கேல் ஒரு நீண்ட கட்டுரை எழுதி, திரைக்கதை கிட்டத்தட்ட முழுக்க இணைத் திரைக்கதையாளர் மான்கிவிக்ஸுடையது, படத்தை இயக்கி நடித்த ஆர்சன் வெல்ஸுக்குப் பங்கு சொற்பம் என்று அடித்துச் சொல்லியிருந்தார். நடை அபாரம். சான்று பலவீனம். காரிங்கர் திரைக்கதைப் பிரதிகளை வரிசையாக வைத்து, எந்தப் பிரதியில் எது சேர்ந்தது, எது போனது என்று பார்த்தார். வெல்ஸின் பங்கு கணிசமானது என்பது அதில் தெரிந்தது. கேலை முதலில் படித்து, அவர் சொல்வதை நம்பி, பிறகு காரிங்கரிடம் வாருங்கள். அந்த வரிசையில் படித்தால்தான் ருசி.

அதே புத்தகம் இன்னொரு மயக்கத்தையும் தெளிய வைக்கும். நாயகன் கேனின் மனைவி சூசன் மருந்தை அளவுக்கு மீறிக் குடித்துவிட்டுக் கிடக்கும் ஷாட் நினைவிருக்கும்: முன்னால் பெரிதாக ஒரு தம்ளர், அதில் கரண்டி, நடுவில் படுக்கை, தூரத்தில் கதவு, அதை உடைத்துக்கொண்டு கேன் வருகிறான். முன்னும் பின்னும் ஒரே கூர்மை. ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் லென்ஸ் வித்தை என்று பல வகுப்புகளில் இதைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். ஆனால் கேமராவுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கும் தம்ளரும் அறையின் அந்தக் கோடியும் ஒரே ஃபோகஸில் நிற்பது அகலக் கோண லென்ஸுக்கும் முடியாத காரியம். முதலில் தம்ளருக்கு மட்டும் வெளிச்சம் போட்டு, அறையை இருட்டாக வைத்து எடுத்தார்கள். பிறகு நெகட்டிவைப் பின்னோக்கிச் சுற்றி, தம்ளர் பக்கத்தை இருட்டாக்கி, ஃபோகஸை மாற்றி, அறைக்கு வெளிச்சம் கொடுத்து அதே நெகட்டிவில் மறுபடி பதிவு செய்தார்கள். நடுவில் கேமரா மயிரிழை நகர்ந்தாலும், இருட்டாக்கிய பக்கத்தில் துளி வெளிச்சம் கசிந்தாலும் இரண்டு பதிவும் பாழ்.

ஜப்பானியப் படங்களுக்கு மூன்று புத்தகம் வேண்டியிருக்கும். இயக்குநர் குரோசாவாவின் தன்வரலாறு ரஷோமோனோடு (1950) நின்றுவிடுகிறது. நகர வாசல் மழை, சாம்பல் நிற வானத்தில் கரைந்து கண்ணுக்கே தெரியாமல் போகும் என்பதால், தண்ணீரில் கறுப்பு மை கலந்து பீய்ச்சிய விவரம் அதில் உண்டு. அதே படத்தில் ஸ்கிரிப்ட் மேற்பார்வையாளராகச் சேர்ந்த தெருயோ நொகாமி எழுதிய ‘வெயிட்டிங் ஆன் த வெதர்’ என்னைக் கேட்டால் இன்னும் மேல். எந்த ஷாட்டில் யார் எந்தக் கையில் எதைப் பிடித்திருந்தார் என்று குறித்து வைப்பதே தொழிலாக இருந்தவர்; இயக்குநர் மறந்ததை அவர் மறப்பதில்லை. மூன்றாவது, செவன் சாமுராயின் திரைக்கதையாளர்களில் ஒருவரான ஷினோபு ஹாஷிமோட்டோவின் ‘காம்பவுண்ட் சினிமாட்டிக்ஸ்’. முதலில் எழுத நினைத்தது ஒரு சாமுராயின் ஒரே ஒரு நாளை. வேலைக்குப் போகும் சாமுராய் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனானா, அந்தக் காலத்தில் மதியச் சாப்பாடே உண்டா என்று உறுதி செய்ய முடியாமல் அந்தக் கதையையே கைவிட்டார்கள். திரைக்கதை எழுதுபவர்கள் இந்த ஒரு பகுதிக்காகவே வாங்கலாம்.

ஷோலேவுக்கு அனுபமா சோப்ரா 2000இல் எழுதியது எளிதில் கிடைக்கும், ஓரிரு நாளில் முடித்துவிடலாம். ஜெயா பாதுரி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போக, கீழே அமிதாப் மவுத் ஆர்கன் வாசிப்பாரே, அந்தச் சின்னக் காட்சிக்குப் பொழுது சாய்ந்த பிறகு கிடைக்கும் சில நிமிட வெளிச்சம்தான் வேண்டும் என்று 20 நாள் பிடித்தது. பேட்டிகளை வைத்து எழுதியது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜாஸ் படத்துக்கு அதன் இணைத் திரைக்கதையாளர் கார்ல் காட்லீப் எழுதிய ‘த ஜாஸ் லாக்’ படம் வந்த 1975லேயே வெளியானது. 55 நாள் திட்டம் 159 நாளாக இழுத்ததையும் உப்புத் தண்ணீரில் இயந்திரச் சுறா மக்கர் செய்ததையும் சூடு ஆறுமுன் படிக்கலாம். நம்மூர் ஸ்டுடியோ எப்படி மூச்சுவிட்டது என்று பார்க்க, ஜெமினியில் வேலை பார்த்த அசோகமித்திரனின் ‘மை இயர்ஸ் வித் பாஸ்’. ஒரு படத்தின் கதையாக இருக்காது, எஸ்.எஸ்.வாசனின் அலுவலகக் கதை.

வாங்கும்போது இரண்டு விஷயம். பழைய நூல் என்றால் திருத்திய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மின்னூலில் சில சமயம் புகைப்படங்களும் வரைபடங்களும் உரிமைச் சிக்கலால் விடுபட்டிருக்கும். இந்த வகை நூலில் அது பாதி நூல் போன மாதிரி, மாதிரிப் பக்கங்களைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

படிக்கும்போது படம் பக்கத்தில் இருக்கட்டும். பழகிப் பார்க்க சத்யஜித் ராயின் ‘மை இயர்ஸ் வித் அபு’ தோதானது. ராய் மறைந்த பிறகு, 1994இல் வந்த நூல். அதோடு வைத்துப் பார்க்க வேண்டிய படம் ‘பதேர் பாஞ்சாலி’. காசப் புல் பூத்த வெளியில் ஒரு நாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால் மாடுகள் அத்தனையையும் மேய்ந்திருந்தன. மறுபடி பூக்க ஒரு வருடம் காத்திருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைவிட மிட்டாய்க்காரர் வரும் இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். பணமில்லாமல் படப்பிடிப்பு நின்றுபோன காலத்தில் அந்த நடிகர் இறந்துவிட்டார். மூங்கில் தோப்பைத் தாண்டிப் போகிறவர் ஒருவர். அடுத்த ஷாட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டு வாசலில் நுழைகிறவர் இன்னொருவர்.