கோவில் மண்டபத்து எடை வகுப்பு: பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோவில் மாதர் குழு, 12 முதல் 17 வயது வரையுள்ள பருமனான பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறது. வாராவாரம் எடை பார்த்துச் சுவரில் பட்டியல் ஒட்டுகிறோம். அதிகம் குறைத்தவருக்குப் பரிசு உண்டு. 20 பேர் வந்த இடத்தில் இப்போது 6 பேர்தான். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பட்டியலை எடுத்துவிடுங்கள், பரிசையும் நிறுத்துங்கள். பிள்ளைகள் நின்றதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பரிசை நினைத்து வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் தராசில் ஏறும் பிள்ளை, அன்று மாலையே அடக்க முடியாமல் சாப்பிடும். எடையைச் சொல்லிக் கேலி செய்யப்படும் பிள்ளைகளுக்குப் பின்னாளில் எடை கூடுவதையே ஆய்வுகள் காட்டுகின்றன.

வளரும் வயதில் தராசு பாதிக் கதையைத்தான் சொல்லும். 1.50 மீட்டர் உயரமும் 60 கிலோவும் உள்ள பிள்ளையின் உடல் நிறை குறியீடு (கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண்) 26.7. எடை அப்படியே நிற்க, உயரம் 1.56 மீட்டர் ஆனால் குறியீடு 24.7-க்கு இறங்கிவிடும். ஒரு கிலோகூடக் குறையவில்லை, ஆனாலும் இது நல்ல முன்னேற்றம். ஆகவே மாதம் ஒருமுறை, திரைக்குப் பின்னால், ஒரே ஒரு செவிலியர் உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு மூன்றையும் அளந்தால் போதும். இடுப்பளவை உயரத்தில் பாதிக்குள் கொண்டுவருவது நல்ல இலக்கு. பெரியவர்களுக்கான 25 (அதிக எடை), 30 (பருமன்) என்ற குறியீட்டு வரம்புகள் இவர்களுக்குப் பொருந்தாது. உலக சுகாதார நிறுவனத்தின் 5–19 வயது அட்டவணையைப் பாருங்கள்.

அடுத்தது நேரம். அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2017-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மொத்தம் 26 மணி நேரமாவது பிள்ளையோடும் குடும்பத்தோடும் செலவிட்ட திட்டங்களே பலன் தந்திருந்தன. வாரம் 90 நிமிடம் என்று 18 வாரம் நடத்தினால் 27 மணி நேரம் வரும். அதில் 45 நிமிடம் ஆட்டம், 30 நிமிடம் சமையல், மீதி நேரம் ஒவ்வொருவரும் அந்த வாரத்துக்கான ஒரே ஒரு மாற்றத்தை முடிவு செய்ய. சமையல் வேளையில் அம்மாவோ அப்பாவோ ஆயாவோ, வீட்டில் கரண்டி பிடிப்பவர் கட்டாயம் இருக்க வேண்டும். பிள்ளைக்கு மட்டும் தனிச் சாப்பாடு, தம்பிக்குச் சிப்ஸ் என்றால் அந்த வீட்டில் எதுவும் நிலைக்காது.

எண்ணெயிலிருந்து தொடங்குங்கள். புதுப் பாட்டிலைத் திறக்கும் நாளை அதன் மேலேயே பேனாவால் எழுதச் சொல்லுங்கள். நாலு பேர் வீட்டில் 2 லிட்டர் ஒரு மாதம் வந்தால், ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 17 மில்லி. இரண்டு வாரத்தில் தீர்ந்தால் அதுபோல் இரண்டு பங்கு. யாரையும் குறை சொல்லாமல் பாட்டிலே கணக்கைச் சொல்லிவிடும். அடுத்தது குளிர்பானம்: சர்க்கரை போட்ட அரை லிட்டர் கோலாவில் சுமார் 50 கிராம், அதாவது 12 தேக்கரண்டிக்கும் மேல். ரொட்டியின் நடுவைக் குடைந்து கறி நிரப்பிய பன்னி சோவை விலக்கத் தேவையில்லை. 700 கிராம் ரொட்டியில் கால் பங்கு என்றாலே ஏறக்குறைய 5 துண்டு ரொட்டி. ஆகவே அந்தக் கால் பங்கை இருவர் பகிர்ந்துகொண்டு, பீன்ஸ் கறியும் காரட் சம்பலும் கூடுதலாக வைக்கட்டும்.

புரட்டாசியில் கவனம் தேவை. கறி மீன் இல்லை என்பதால் எடை குறையும் என்று நம்புகிறோம்; ஆனால் வடையும் பூரியும் உருளைக்கிழங்குப் பொரியலும் அந்த மாதத்தில்தான் பெருகும். விரதம் இருக்கட்டும், தட்டில் பாதி காய்கறி, கால் பருப்பு, கால் சோறு என்று வையுங்கள்.

ஆட்டத்தில் ஓட்டப் பந்தயம் வேண்டாம். கடைசியாக வரும் பிள்ளை மறுவாரம் வராது. கோலாட்டம், சின்னக் குழுக்களாகக் கால்பந்து, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி 8 முறை வீதம் இரண்டு சுற்று. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். 12–14, 15–17 என்று பிரித்துவிடுங்கள். தொடை உரசிப் புண்ணாகும் என்பதால் உள்ளே இறுக்கமான அரைக்கால் சட்டை போடச் சொல்லுங்கள். டர்பன் வெயிலில் பலர் இதைச் சொல்ல வெட்கப்பட்டே நின்றுவிடுவார்கள். நாளுக்கு 60 நிமிட அசைவு என்ற இலக்கு வீட்டு நாட்களையும் சேர்த்தது. 8 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கமும் வேண்டும்; 12 வயதுப் பிள்ளைக்கு 9 மணி நேரம்.

கழுத்தின் பின்புறம் கருத்துத் தடித்திருந்தால், குறட்டையோடு பகலிலும் தூங்கி வழிந்தால், மாதவிலக்கு தவறினால், சாப்பிட்டதை வாந்தி எடுத்தால் கிளினிக்குக்கு அனுப்புங்கள். தாகமும் சிறுநீரும் அதிகமாக இருந்தால் அன்றே சர்க்கரை பார்க்க வேண்டும். இடுப்பு அல்லது முழங்கால் வலியோடு நொண்டினால் ஆட்டத்தை உடனே நிறுத்தி, காலை ஊன்றவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்; தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவியிருக்கலாம்.

நின்றுபோன 14 பேரின் வீட்டுக்கும் ஒருவரே போன் செய்யட்டும். "இனி எடைப் பட்டியல் கிடையாது, சனிக்கிழமை சமைக்கிறோம், நீங்களும் வாங்க" என்று பெற்றோரிடம் சொன்னால் போதும். ஏன் நின்றாய் என்று பிள்ளையைக் கேட்க வேண்டாம்.