டிரபுள் ஃபங்க்: இசைத்தட்டும் மேடையும்

அன்புள்ள ஐயா,

வாஷிங்டன் டி.சி. நகரத்தின் நடன இசையான கோ-கோவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு டிரபுள் ஃபங்க் குழுவின் ‘டிராப் தி பாம்’ (1982) ஆல்பத்தைக் கேட்டேன். ஏமாற்றம்தான். ஒரே தாளம், ஒரே கூச்சல். மெட்டு என்று பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. வாஷிங்டன்காரர்கள் இதைத் தலையில் வைத்துக் கொண்டாட என்ன இருக்கிறது?

ரா., சேலம்

அன்புள்ள ரா.,

மெட்டைத் தேடிப் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். அதற்காக ஆல்பத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

1970களில் டிஸ்கோ வந்தபோது கிளப் முதலாளிகளுக்கு இசைக்குழு அநாவசியச் செலவாகிவிட்டது. இசைத்தட்டு சுழற்ற ஓர் ஆள் போதும். அவர் மூச்சுவிடாமல் ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவிவிடுவார். குழுவோ ஒவ்வொரு பாட்டுக்கும் நிறுத்தும், ஆடுகிறவர்கள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். கோ-கோவைத் தொடங்கிவைத்த கிதார்காரர் சக் பிரவுன் அந்த இடைவெளியை அடைத்தார். பாட்டு முடிந்தாலும் டிரம்ஸும், கையால் தட்டும் காங்கா முரசும், மணியும் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் மேலேயே அவர் கூட்டத்தோடு பேசுவார். எந்தப் பேட்டைக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று கேட்பார், அவர்கள் பதிலுக்குக் கூவுவார்கள். அடுத்த பாட்டு அந்தக் களேபரத்துக்குள்ளிருந்தே கிளம்பும். தாளத்துக்கு விதை சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் ‘மிஸ்டர் மேஜிக்’ பாட்டு. காங்கா மோகம் பிரவுனுக்கு 1960களில் ஒரு லத்தீன் குழுவில் வாசித்தபோது ஒட்டிக்கொண்டது.

ஆக, கோ-கோவின் சரக்கு பெரும்பாலும் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்தான். ஸ்டூடியோவில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். ‘டிராப் தி பாம்’ ஆல்பத்தில் ஆறு பாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்கம், ஒரு முடிவு. வெளியிட்ட ஷுகர் ஹில், ராப் இசைத்தட்டுகள் விற்றுப் பேர் வாங்கிய கம்பெனி. எதிரே கூட்டம் இல்லாததால் குழுவினரே கேள்வி கேட்டு, குழுவினரே பதில் சொல்லிக்கொள்கிறார்கள். நீங்கள் கூச்சல் என்று எழுதியது அதைத்தான் என்று நினைக்கிறேன். கல்யாண வீட்டுப் பேச்சைக் காலி மண்டபத்தில் பேசிக் காட்டுவது போல.

இருந்தாலும் ‘பம்ப் மீ அப்’ பாட்டை மறுபடி போடுங்கள். குரல்களை விட்டுவிட்டுக் கீழே இறங்குங்கள். டிஸ்கோவின் ஓட்டம் இதில் இல்லை. நிதானமாக, கொஞ்சம் சாய்ந்து நடக்கிற தாளம். டிரம்ஸ் விட்ட இடுக்குகளில் காங்கா புகுந்து புறப்படுகிறது. டோனி ஃபிஷரின் பேஸ் கிதார் சளசளவென்று பேசுவதில்லை, காத்திருந்து விழுகிறது. ஹிப்-ஹாப்காரர்கள் இந்தப் பாட்டிலிருந்து துண்டு துண்டாக எடுத்து எத்தனையோ பாட்டுகளுக்கு அடித்தளமாகப் போட்டார்கள். மேடைப் பதிவின் இரைச்சலிலிருந்து அப்படி வெட்டியெடுப்பது கடினம். இதற்காகவாவது ஸ்டூடியோவுக்கு நன்றி சொல்லலாம்.

உங்கள் புகாருக்கு முழுத் தகுதி உள்ள ஆல்பம் வேறு: ஐலண்ட் கம்பெனிக்காக அவர்கள் 1987இல் செய்த ‘டிரபுள் ஓவர் ஹியர், டிரபுள் ஓவர் தேர்’. இழைத்து இழைத்து வழவழப்பாக்கியதில் வியர்வை வாடையே போய்விட்டது.

சொந்த ஊர் ரசிகர்கள் இசைத்தட்டை நம்பி இருக்கவில்லை. நிகழ்ச்சியின் ஒலிபெருக்கி அமைப்பிலிருந்தே பதிவான கேசட்டுகள் கைக்குக் கை மாறின. 2019இல் வாஷிங்டனின் ஷா பகுதியில், பல ஆண்டுகளாக வாசலில் கோ-கோவை ஒலிக்கவிட்டிருந்த ஒரு செல்போன் கடையின் ஒலிபெருக்கி ஒரு குடியிருப்பாளரின் புகாரால் ஓய்ந்தது. ஊர்க்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். சில நாளிலேயே இசை திரும்பியது. 2020இல் கோ-கோவை நகரத்தின் அதிகாரபூர்வ இசையாகச் சட்டமே போட்டுவிட்டார்கள்.

அடுத்து அவர்களுடைய ‘இன் டைம்ஸ் ஆஃப் டிரபுள்’ (1983) ஆல்பத்தைத் தேடுங்கள். இரட்டை இசைத்தட்டு: ஒன்று ஸ்டூடியோவில் பதிவானது, மற்றது மேடையில். மேடையை முதலில் கேளுங்கள், நடுவில் நிறுத்தாமல். பிறகு ஸ்டூடியோ. அப்போதும் பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள், சண்டை போடலாம்.

அன்புடன்.